ஜன்னல்களைத் திறந்து வைக்கும் தீர்மானம்

செய்தி வந்தது பிற்பகல் நான்கு மணிக்கு. அண்ணி நாற்காலி போடும் நேரம் அது. தொலைபேசியில் பேசியவர் மன்றக் கூடத்தின் காவலாளி.

"அம்மா, உங்க அண்ணி கூடத்துல விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம். சீக்கிரம் வாங்க."

நான் நம்பவில்லை. "யாரு பேசுறது? எந்த ஆஸ்பத்திரி? அவங்க கையில போனைக் கொடுங்க" என்றேன்.

"கொடுக்க முடியாதும்மா" என்றார் அவர். விழுந்துட்டாங்க என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு எட்டியது.

யார் எதைச் சொன்னாலும் முதலில் சந்தேகப்படு, பிறகு விசாரி, மிச்சம் ஏதாவது இருந்தால் நம்பு. இது அண்ணியின் வழி. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரில்தான். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆக, வீட்டில் இருந்தது அண்ணியும் நாத்தனாரும் மட்டும். இந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ் விட்டால் என்ன நடக்கும் என்று சொந்தக்காரர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணிக்கு என்னோடு சண்டை போட நேரமே இல்லை. அவருடைய மாலைகளையெல்லாம் மற்றவர்களின் சண்டைகள் எடுத்துக்கொண்டன.

எங்கள் நகரத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மன்றம் உண்டு. குடியிருப்பவர்களே தங்களுக்குள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. அவரவர் வேலை முடிந்து மாலையில் கூடி, எரியாத விளக்கு, அடைத்த சாக்கடை, குரைக்கும் நாய் பற்றியெல்லாம் பேசி நகர அலுவலகத்துக்கு எழுதுவார்கள். மன்றங்களுக்குச் சொந்தமாக ஊழியர் இல்லை. அதற்காக நகர அலுவலகத்தில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது; அங்கிருந்து ஆள் அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஆள் அண்ணி. உதவி அலுவலர் என்பது பதவியின் பெயர். கூடத்தைத் திறப்பது, நாற்காலி போடுவது, டீ சொல்வது, பேசுவதை எழுதுவது, முத்திரை குத்துவது, நகர அலுவலகத்தின் பதிலுக்காக நடையாய் நடப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

மன்றத்துக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. ஆனால் போனவர்கள் இடத்தில் புது ஆள் போடாததால், அண்ணி தலையில் இரண்டு மன்றங்கள் விழுந்தன. நடுவே ஒரே ஒரு சாலை. அந்தப் பக்கம் கிழக்கு மன்றம், இந்தப் பக்கம் மேற்கு மன்றம். இரண்டுக்கும் ஆகவே ஆகாது. ஒருவர் நாற்காலியை மற்றவர் எடுத்துப் போய்விடுவார் என்று முதுகில் 'கி' என்றும் 'மே' என்றும் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்கள். இரு தரப்பு ரகசியங்களும் தெரிந்த ஒரே ஆள் அண்ணி. அதனாலேயே அவரை இரு தரப்பும் நம்பவில்லை.

அவரும் யாரையும் நம்பினார் என்று சொல்ல முடியாது. மன்றத்துப் பேனாக்களை நூல் போட்டு மேசைக் காலில் கட்டினார். டீக்காரர் ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வீட்டில் காபித் தூளை டப்பாவில் சமன் செய்து, மேலே கரண்டிக் காம்பால் ஒரு கோடு இழுத்து வைப்பார்.

"அண்ணி, இந்த வீட்டுல இருக்கிறதே நாம ரெண்டு பேர்தான்."

"அதனாலதான். திருடன் யாருன்னு கண்டுபிடிக்கிறது சுலபம் பாரு."

வேலையில் அவருக்கென்று சில வழிகள் இருந்தன. பகையாளிகளை ஒருபோதும் எதிரெதிரே உட்கார வைக்க மாட்டார். ஒரே வரிசையில், நடுவே ஒரு பருத்த ஆளைப் போட்டு உட்கார வைப்பார். எதிரே இருந்தால் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கோபம் வளரும். பக்கவாட்டில் இருந்தால் கழுத்தைத் திருப்பியாக வேண்டும், ஒரு வயதுக்கு மேல் சண்டைக்காகக் கழுத்தைத் திருப்ப யாருக்கும் மனசு வராது என்பார். கூட்டப் பதிவும் அப்படித்தான். தலைவர் மேசைமேல் தண்ணீர் பாட்டில் பறந்த நாளை, 'உறுப்பினர்கள் தம் கருத்துகளை ஆர்வத்துடன் முன்வைத்தனர்' என்று எழுதினார். ஒருவர் இன்னொருவரின் பரம்பரையையே இழுத்த நாள், 'விரிவான விவாதம்' ஆயிற்று. 'கூட்டம் நல்ல சூழலில் நடந்தது' என்று எழுதியிருந்தால் யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எல்லாத் தொல்லையும் அதில்தான் தொடங்கியது. மேற்கு மன்றத்தின் கூடம் மாடியில். கூட்டம் தொடங்குமுன் அண்ணி அங்கே எல்லா ஜன்னல்களையும் சாத்திவிடுவார். மழையோ வெயிலோ, சாத்தியே ஆக வேண்டும். மின்விசிறி சூட்டையே சுழற்றிச் சுழற்றி அடிக்கும். கேட்டால், தூசி வருது, காகிதம் பறக்குது என்பார். கிழக்கு மன்றத்தில் அவர் ஒரு ஜன்னலையும் தொடுவதில்லை என்பதை யாரோ போய்ச் சொல்ல, மேற்கில் சந்தேகம் முளைத்தது. நம்மைப் புழுங்க வைத்துச் சீக்கிரம் எழுப்பிவிடப் பார்க்கிறாள் என்று ஒரு கட்சி. அந்தப் பக்கம் அவளுக்கு என்னவோ இருக்கிறது என்று ஒரு கட்சி.

மேற்கு மன்றத்தின் துணைத் தலைவர் மருந்துக்கடைக்காரர். வாய் நிற்காது. "என்னம்மா, எங்களை அவிச்சு எடுத்து அந்தப் பக்கத்துக்குப் பரிமாறப் போறீங்களா?" என்றார் ஒரு நாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன், கூட்டம் நடக்கும்போது ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எதைக் கேட்டாலும் "ஆமாம், ஆமாம், செய்யலாம்" என்பார். அதையும் வகுப்பின் கடைசி வரிசைக்குச் சொல்வதுபோலச் சொல்வார். ஆமாம் என்றார். அந்த மன்றத்தின் வரலாற்றில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். அண்ணி அதைப் பிசகாமல் எழுதிக்கொண்டார். எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்தார். காற்று வந்தது.

அடுத்த மாதம் குப்பைத் தொட்டி வந்தது. நகர அலுவலகம் ஒரு பெரிய இரும்புத் தொட்டியை அந்தச் சாலையில் வைக்கப் போவதாகவும், இடத்தை மன்றங்கள் சொல்லலாம் என்றும் அறிவித்தது. மேற்கு மன்றம் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியக் கூட்டம் போட்டது. ரகசியக் கூட்டம் என்றால் உதவி அலுவலரும் வெளியே போய்விட வேண்டும். முடிவை மட்டும் கடைசியில் கூப்பிட்டுச் சொல்வார்கள். கிழக்குப் பக்கம் மூலையில் ஒரு காலியிடம் இருக்கிறது, அவர்கள் விழித்துக்கொள்வதற்குள் நாம் எழுதிக் கொடுத்துவிடுவோம் என்பது முடிவு.

மறுநாள் காலையில் அந்தக் காலியிடத்தில் சக்கரமே இல்லாத ஒரு பழைய வேன் நின்றது. அதைச் சக்கரம் இல்லாமல் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேனுக்குச் சொந்தக்காரர் அதன் மேலேயே உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்றே அண்ணிக்குத் தபால்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் போய்ச் சேருமாம். கடையில் அரிசி வாங்கும்போதும் அவர் காதுபட அந்தப் பெயரைச் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல், தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்மேல் புகார் கொடுப்பது என்று மேற்கு மன்றம் கூடியது. வேறு ஆள் இல்லாததால் அந்தக் கூட்டத்துக்கும் அண்ணிதான் நாற்காலி போட்டார், அண்ணிதான் டீ சொன்னார், அண்ணிதான் பதிவு எழுத உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து இதை எனக்கு நடித்தே காட்டினார்.

"எழுதிக்குங்கம்மா" என்றாராம் மருந்துக்கடைக்காரர், கூரையைப் பார்த்தபடி. "உதவி அலுவலர் மீது உறுப்பினர்களுக்குச் சந்தேகம் உள்ளது."

"வெறும் சந்தேகமாங்க, பலத்த சந்தேகமாங்க?"

"பலத்த சந்தேகம்னே போடுங்க."

"போட்டுட்டேன். மேல சொல்லுங்க."

புகாரில் கையெழுத்துப் போட்டவர் தலைவர். நகர அலுவலகத்திலிருந்து அண்ணியின் மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த கூட்டத்தில் மேற்கு மன்றம் வாக்கெடுத்து உறுதி செய்தால், இரண்டு மன்றங்களிலிருந்தும் எடுத்துப் பழைய கோப்புகள் வைக்கும் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போகாது. பெயர்தான் போகும். ஓய்வு பெறும் நாள்வரை கிடங்கில், காட்டிக்கொடுத்தவள் என்ற பட்டத்தோடு.

சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "அண்ணி, அப்புறம் எப்படித்தான் வெளியே போச்சு?"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? உங்க பேரு நாறுதே."

"சொன்னா ஒருத்தர் நாற்காலி காலியாகும். காலியானா அதுல யாரு வந்து உக்காருவாங்கன்னும் எனக்குத் தெரியும்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாத்தனாரே, நீங்க ஒரு மன்றம் ஆரம்பிச்சு என்னை விசாரிங்க. இப்ப சாப்பிடுங்க."

யாரைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குள் ஒரு புழு நெளிந்தது. காவலாளியையா? டீக்காரரையா? அல்லது மருந்துக்கடைக்காரர் சொல்வதில் ஏதாவது உண்மை இருந்து, அதை மறைக்க இப்படிப் புதிர் போடுகிறாரா? அந்த நாட்களில் அவர் சமையலறையில் தனியாக நிற்கும்போது முகத்தைப் படிக்க முயன்றேன். படிக்க முடியாத முகம். மேற்கு மன்றத்தார் அதைப் படிக்க முயன்று தோற்றுத்தான் புகாரே எழுதினார்கள்.

அந்த வாக்கெடுப்புக்கு நாற்காலி போடும்போதுதான் விழுந்தார். இதயம் என்றார் மருத்துவர். நான் அதையும் இரண்டு தடவை கேட்டேன்.

மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. நாற்காலிகள் போதவில்லை. காவலாளி இரண்டு மன்றங்களிலிருந்தும் ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணி முன்னறையில் படுத்திருக்க, அவரைச் சுற்றி 'கி'யும் 'மே'யும் கலந்து கிடந்தன. கிழக்குக்காரர்கள் 'மே' நாற்காலிகளில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தார்கள். நான் யோசிக்காமல் போட்டதில், வேன்காரரும் மருந்துக்கடைக்காரரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நான் அளந்துகொண்டிருந்தேன். அவ்வளவு மாலை எதற்கு? அந்த அம்மாள் அழுகிறாரா, கண்ணைத் துடைக்கிறாரா? மருந்துக்கடைக்காரரின் கண் மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அலமாரி, மேசை என்று சுற்றிவிட்டு, காவலாளி கொண்டுவந்து கொடுத்திருந்த அண்ணியின் கைப்பையில் வந்து நின்றது. நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் கண் என் மடியில் இருந்தது. இந்தப் பையில் இவருக்கு என்ன வேண்டும்?

தலைவர் வந்தார். கால் மாற்றிக் கால் வைத்து, அண்ணியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"உக்காருங்க ஐயா. காபி தரட்டுமா?" என்றேன்.

"ரொம்ப நல்ல மனுஷிம்மா" என்றார், அறையே திரும்பிப் பார்க்கும்படி.

துக்கத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தையல்காரம்மா வந்தார். மேற்கு மன்றக் கூடத்துக்கு நேர் கீழே அவருடைய கடை. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றக்கூட இல்லாமல் ஓடி வந்திருந்தார். அண்ணியின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அழுதபடியே தலையை நிமிர்த்தி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்.

"இந்த மனுஷியைத் தபால்பெட்டின்னு சொன்னீங்களே. வாய் கூசலையா உங்களுக்கு?"

"இது அதைப் பேசுற இடமில்லம்மா" என்றார் அவர்.

"வேற எங்க பேசுறது? உங்க கூட்டத்துலயா? உங்க கூட்டம் ரகசியம்னு யாரு சொன்னது? தலைவர் ஐயா பேசினா என் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேக்குது. அவருக்குப் பதில் சொல்றீங்கன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து கத்துறீங்க. குப்பைத் தொட்டி, மூலை, காலியிடம், எல்லாம் ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. இதோ இவரு" என்று வேன்காரரைக் காட்டினார், "அப்ப என்கிட்ட பேன்ட்டுக்கு அளவு கொடுத்துக்கிட்டு நின்னாரு. ஒரு கால்தான் அளந்தேன். அதுக்குள்ள ஓடிட்டாரு. துணி இன்னும் அப்படியே கிடக்கு."

வேன்காரர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"முன்னாடியெல்லாம் கேக்காது" என்றார் தையல்காரம்மா, என்னைப் பார்த்து. "அவங்க புதுசா வந்தப்ப ஒரு நாள் கடைக்கு இறங்கி வந்து, 'மேல பேசுறது இங்க கேக்குதா?'ன்னாங்க. 'நல்லாவே கேக்குதுங்க'ன்னேன். அன்னையிலிருந்து ஜன்னலைச் சாத்திட்டாங்க. தீர்மானம் போட்டுத் திறந்தது யாரு?"

மருந்துக்கடைக்காரரின் நெற்றி வியர்த்திருந்தது.

தலைவர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். தலைவர் "ஆமாம், ஆமாம்" என்றார். பின் மறுபடியும், "என்ன?" என்றார். மருந்துக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பலனில்லை. கடைசியில் பொறுமை போய், சாவு வீடு என்பதையும் மறந்து கத்தினார்.

"ஜன்னல், ஐயா! ஜன்னல் திறந்திருக்கு!"

"ஓ" என்றார் தலைவர். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, "இப்போ சரியா?" என்றார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அவருக்குக் காது அறவே போய்விட்டது என்பது அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அண்ணிக்கு மட்டும் எப்போதோ தெரிந்திருக்கிறது. காலியாகும் என்று அவர் சொன்ன நாற்காலி எது என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது. தன்மேல் புகாரில் கையெழுத்துப் போட்ட மனிதரின் காதைத்தான் அவர் மூடி வைத்திருந்தார். கருணையால்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அண்ணியை எனக்குத் தெரியும். தலைவர்மேல் அவருக்கு இருந்த இரக்கத்தைவிட மருந்துக்கடைக்காரர்மேல் இருந்த அவநம்பிக்கைதான் பெரிது.

அது வீண் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது முகம் வேறாக இருந்தது. என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தப்பு எங்க மேலதான்மா. அடுத்த கூட்டத்துல அந்தப் புகாரை வாபஸ் வாங்கித் தீர்மானம் போட்டுடறேன். கண்டிப்பா." கைக்குட்டையை மடித்துக்கொண்டார். "தலைவர் விஷயத்தையும் நாங்க யோசிக்கணும் போல. வயசாயிடுச்சு பாருங்க. பொறுப்பை யாராவது ஏத்துக்கத்தானே வேணும்?"

"யாரு ஏத்துப்பாங்க?" என்றேன்.

"அது மன்றம் முடிவு பண்ணும்மா" என்றார் அடக்கமாக. பிறகு என் மடியைப் பார்த்தார். "அந்தப் பையில..."

"என்ன இருக்கு அதுல?"

"முத்திரை வைக்கிற அலமாரிச் சாவி. அது இல்லாம கூட்டம் போட்டா செல்லாது."

வந்ததிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் எதிரிலேயே பையைத் திறந்து சாவியைத் தேடினேன். கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, நூல் கட்டிய பேனா ஒன்று. அதன் அடியில், கடையின் பிளாஸ்டிக் உறையோடு, ஒரு சின்ன இரும்புத் தாழ்ப்பாள். சாவியைக் கொடுத்தேன். தாழ்ப்பாளைக் கொடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளைக் 'கி' தனியாக 'மே' தனியாக அடுக்கிக்கொண்டிருந்த காவலாளியிடம் அதைக் காட்டினேன்.

"அதுவா? தலைவர் நாற்காலிக்குப் பின்னால இருக்கிற ஜன்னலுக்கும்மா. தீர்மானம் போட்டுத் திறந்து வெச்சோம்ல, காத்துல அடிச்சு அடிச்சுத் தாழ்ப்பாள் பிய்ஞ்சு போச்சு. அது மூட மாட்டேங்குது. ஆபீஸ்ல சொல்லிச் சொல்லிப் பார்த்து, அவங்களே வாங்கிட்டு வந்துட்டாங்க. நேத்து மத்த ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, ஸ்க்ரூட்ரைவர் இருக்கான்னு கேட்டாங்க. எடுக்கக் கீழ போனேன். வந்து பார்த்தா..."

"தீர்மானம் திறந்து வைக்கணும்னுதானே?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். 'இன்னைக்கு என்னைப் பத்திப் பேசப் போறாங்க, ஊரே கேக்கணுமா?'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

அது தனக்காகவா, தலைவருக்காகவா என்று அவரிடம் கேட்க இனி வழியில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

சில நாட்களாகிவிட்டன; கப்பலில் இருந்த அண்ணன் நாளைதான் வந்து சேர்வான். மேற்கு மன்றத்துக்குப் பதிவு எழுத நகர அலுவலகம் இன்னும் ஆள் அனுப்பவில்லை. அதனால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லாததால் புகாரும் வாபஸ் ஆகவில்லை. தாழ்ப்பாள் உறை பிரிக்காமல், திருகாணிகளோடு, என் மேசைமேல் இருக்கிறது. தலைவர் நாற்காலிக்குப் பின்னால் உள்ள ஜன்னலை இன்னும் மூட முடியவில்லை.